நீர் குடிக்க வேண்டாம்

ஒரு கால் குட்டையான நாற்காலி வாய்த்தும் முகம் கோணாமல் தலைமை வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே! மூன்று வாரங்களாக என் கடைவாசலுக்கு நடையாய் நடந்து, இப்போது மேடையிலும் என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் சுகாதார ஆய்வாளர் ஐயா அவர்களே! அண்டை ஊர்கள் ஆறிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் வெற்றுக் குடமுமாக வெயிலில் நிற்கும் என் அருமைத் தாய்மார்களே! முடிதிருத்தும் கடையின் படிகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்ட இளைஞர் கூட்டமே! பாதி முகத்தில் சோப்பு நுரையோடு பேச்சுக் கேட்க எழுந்து வந்துவிட்ட ஐயாவே! இதோ, கல்லூற்றின் பக்கத்தில், கையில் ஸ்பேனரோடு, இவள் எப்போது முடிப்பாள் என்று காத்து நிற்கும் என் உடன்பிறந்த அண்ணனே! வண்ணம் படிந்த என் கைகளைக் கூப்பி உங்கள் அனைவருக்கும் வணக்கம் சொல்கிறேன்.

பேசத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, எழுத மட்டுமே தெரிந்த என்னை ஏன் பேச அழைத்தார்கள்? நான் பெயர்ப்பலகை எழுதுகிறவள். இந்த நகரில் நீங்கள் நிமிர்ந்து பார்த்துப் படித்த எழுத்தில் பாதிக்கு மேல் என் கை எழுத்து. மருந்துக்கடை என் கை. தையற்கடை என் கை. ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்பதும் என் கை. அதற்கு நேர் கீழே வண்டியை நிறுத்துவது மட்டும் உங்கள் கை.

என்ன அங்கே? சத்தமாகப் பேச வேண்டுமா? ஒலிபெருக்கி வாடகைக்கு எடுத்தவரிடம் சொல்லுங்கள் ஐயா. என் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

நண்பர்களே! இந்த மலையடிவாரத்தில் ஏழு ஊர்கள். ஏழு ஊரிலும் ஊர் நடுவே ஒரு கல்லூற்று. மலையில் ஊறும் நீரைக் குழாய் வழியே இறக்கி, ஊர் நடுவே கல்லில் ஒரு வாய் வைத்து, யாராயிருந்தாலும் குடியுங்கள் என்று விட்டுச் சென்றார்களே நம் முன்னோர், அவர்களுக்கு மனம் எவ்வளவு பெரிது! வீட்டுக்கு ஒரு கதவு வைத்தார்கள், கதவுக்கு ஒரு பூட்டு வைத்தார்கள், ஆனால் ஊற்றுக்கு எங்கேயாவது பூட்டு வைத்தார்களா? நூறு ஆண்டு, நூற்றைம்பது ஆண்டு, கேட்டவர்க்கும் கொடுத்து, கேளாதவர்க்கும் கொடுத்து, கொடுத்ததைச் சொல்லிக் காட்டாமல் நின்றவை இந்தக் கற்கள். அவற்றின் நெற்றியில் இருந்த எழுத்துகள் மங்கிப்போய்விட்டன, மறுபடி கறுப்பு ஏற்று என்று போன ஆண்டு என்னை ஏழு ஊருக்கும் அனுப்பினார்கள். ஏணியும் தூரிகையுமாக நான் போனேன்.

பாலத்து ஊரில் சிங்க வாய் ஊற்று. அந்தச் சிங்கத்தின் கீழ்த்தாடை மட்டும் கண்ணாடிபோல வழுவழு என்றிருக்கிறது. ஏன் தெரியுமா? குனிந்து குடிக்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் கை ஊன்றியிருக்கிறார்கள். சிங்கத்தின் மோவாயைப் பிடித்துக் கொஞ்சி நீர் குடித்த ஊர் அது! சந்தை ஊரில் ஆண்டைப் பொறித்த சிற்பி ஓர் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார். அந்தக் கணக்கின்படி ஊர் தோன்றுவதற்கு முன்னூறு ஆண்டு முன்பே ஊற்று தோன்றிவிட்டது. திருத்தட்டுமா என்று கேட்டேன். ‘வேணாம்மா, நாங்க பழைய ஊர்னு சொல்லிட்டுத் திரியறோம், அதைக் கெடுத்துறாதீங்க’ என்றார்கள். சிரிக்கிறீர்களே, சந்தை ஊர்க்காரர்களே, நீங்கள் கெஞ்சியதைத்தான் சொல்கிறேன்!

ஆலை ஊரின் ஊற்றைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கல் வெள்ளை, ஒரு கல் கறுப்பு, ஒரு கல் செம்மண் நிறம். ஆலையில் வேலை பார்த்த பெண்கள் ஆளுக்கொரு கல் என்று தங்கள் வீட்டிலிருந்து சுமந்து வந்து கட்டியதாம் அது. எந்த வீட்டு அடுப்படிக் கல்லோ, எந்த வீட்டு வாசற்படிக் கல்லோ! அதன் நெற்றியில் எழுத்தே இல்லை. எழுத வந்த நான் அரை நாள் அங்கே சும்மா உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆறு ஊரின் ஊற்றும் ஓடுகிறது. ஏழாவது ஊற்று நம் ஊர் ஊற்று. அதுதான் கெட்டது. இன்று அது மீண்டும் திறக்கிறது, அதற்குத்தான் இந்த விழா, அதற்குத்தான் இந்தப் பந்தல். ஆனால் நான் இங்கே நிற்பது விழாவுக்காக மட்டும் அல்ல. எனக்கு ஒரு கடமை பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஊற்றின் வால்வு திறக்கக் கூடாது.

என் அண்ணனை உங்களுக்குத் தெரியும். இந்த ஊரின் குழாய் வேலை முழுக்க அவர்தான். குழாய் அண்ணன் என்று குழந்தையும் கூப்பிடும். நான்கு ஆண்டுக்கு முன் என் அண்ணி போனார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அதன் பிறகு என் அண்ணன் குடித்தார். இதை நான் மேடையில் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறீர்கள். இன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறோம் என்று சொல்லப் போனபோது, அவரே என்னிடம் சொன்னார்: “என்னைப் பத்திப் பேசினா முழுசாப் பேசு. நான் குடிச்சதையும் சேத்துச் சொல்லு. மழுப்பிப் பேசறதா இருந்தா எனக்கு அந்தத் துண்டே வேணாம்.” அப்படிப்பட்டவர். ஆகவே சொல்கிறேன்.

குடித்தார். காலையில் குடித்தார், வேலையில் குடித்தார். குழாய் கசிந்தது. கவனிக்க வேண்டியவருக்குக் கால் நிற்கவில்லை. கசிந்த இடத்தில் சாக்கடை புகுந்தது. ஊற்று நீர் குடித்த பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. நல்லவேளை, ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய தாய்மார்கள் இங்கேதான் இருக்கிறீர்கள், உங்களுக்கு மறக்காது.

அதற்கு முன்பே எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றிருந்தது. ஒரு நாள் காலை பதினொரு மணி. பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய பலகை எழுதி முடித்து, சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, தள்ளி நின்று அழகு பார்க்கிறேன். சிவப்பு வண்ணம் இன்னும் காயவில்லை. அண்ணன் தள்ளாடிக்கொண்டே உள்ளே வந்தார், விழப் போனார், பிடிப்புக்குப் பலகையில் கையை வைத்தார். ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! பிறந்ததிலிருந்து ‘நீங்க, வாங்க’ என்று பேசிய அண்ணனைப் பார்த்துக் கத்தினேன்: “நீ எனக்கு அண்ணனே இல்ல. வெளிய போ!”

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “சரிம்மா” என்றார். போய்விட்டார். ஒன்பது மாதம் நாங்கள் பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு, அவர் வீட்டு வாசல் வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். எனக்குப் பிடிவாதம் அதிகம், அது இந்த ஊருக்கே தெரியும்.

இந்த நேரத்தில்தான் ஊற்று கெட்டது. பழைய வால்வு துருப்பிடித்து இறுகிவிட்டது, நீரை நிறுத்த முடியவில்லை. ஓடுகிற நீரை ஊரார் குடிக்காமல் தடுக்க வேண்டும். ஆய்வாளர் ஐயா என் கடைக்கு ஓடி வந்தார். கையில் ஒரு காகிதம், அதில் ஒரு வாசகம்: ‘இந்நீரூற்றிலிருந்து பெறப்படும் நீர் மக்கள் அருந்துவதற்கு உகந்ததன்று.’ கூடவே ஒரு தகரம். எவ்வளவு பெரிய தகரம்? ஒரே ஒரு முழ அகலம்! ஐயா, அந்த வாசகத்தை அந்தத் தகரத்தில் எழுதினால் எறும்புதான் படிக்கும் என்றேன். “எப்படியாவது எழுதுங்கம்மா, எல்லாருக்கும் புரிஞ்சா சரி” என்றார். நானும் தூரத்தில் வருகிறவருக்கும் தெரியட்டும் என்று பெரிய எழுத்தில், சுருக்கமாக, மூன்றே சொல்லில் எழுதினேன்.

நீர் குடிக்க வேண்டாம்.

அவ்வளவுதான். ஊற்றுத் தொட்டிக்கு மேலே, சுவரில் ஆணியடித்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் நான் எழுதிய பதினொரு பலகையில் அதுவும் ஒன்று. எழுதியதையே நான் மறந்துவிட்டேன்.

அன்பர்களே! தமிழில் நீர் என்றால் என்ன? தண்ணீர். ஆம். வேறு என்ன? நீ என்பதற்கு மேலே, ஒரு மரியாதை சேர்த்து, எதிரே நிற்பவரைச் சொல்லும் சொல்லும் அதுதானே! நீர் வாரும், நீர் அமரும், நீர் எந்த ஊர் என்று கேட்பதில்லையா? எழுதிய எனக்கு அது தோன்றவில்லை. எழுதச் சொன்ன ஐயாவுக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தோன்றியது.

அடுத்த நாள் காலை நடந்ததை நம் முடிதிருத்தும் அண்ணாச்சி எனக்குச் சொன்னார். இதோ படியில் நிற்கிறார், தவறாகச் சொன்னால் திருத்தட்டும். “எட்டு மணி இருக்கும்மா. உங்க அண்ணன் தொட்டியில சாஞ்சு நிக்கிறார். கையில பாட்டில். தலைய நிமித்தி போர்டப் பாக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். நீர்... குடிக்க... வேண்டாம். திரும்பத் திரும்பப் படிக்கிறார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, ‘இது யாரு எழுதினது?’ன்னு கேட்டார். ‘வேற யாரு, உங்க தங்கச்சிதான்’னு சொன்னேன். பாட்டிலத் தொட்டி மேல வெச்சார். திரும்பிப் பாக்காம நடந்துட்டார்.” மாலை வரை அந்தப் பாட்டில் அங்கேயே இருந்ததாம். அதன் பிறகு அது எங்கே போயிற்று என்பதை மட்டும் அண்ணாச்சி என்னிடம் சொல்லவில்லை. கைதட்டாதீர்கள், அவர் வெட்கப்படுகிறார்!

ஒரு வாரம் கழித்து அண்ணன் என் கடை வாசலில் வந்து நின்றார். முகம் மழித்திருந்தார். உள்ளே வரவில்லை. பலகைகளை விட்டுத் தள்ளியே நின்றுகொண்டார்.

“போர்டப் பாத்தேம்மா” என்றார்.

எந்தப் பலகை என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

“ஊர் நடுவுல எழுதி வெச்சுட்ட. நேர்ல வந்து சொன்னா கேக்க மாட்டேன்னு நெனச்சுட்ட போல. திட்டி எழுதியிருந்தா புடுங்கிப் போட்டிருப்பேன். ‘நீ’ன்னு சொல்லி வெளிய அனுப்பினவ, ‘நீர்’னு எழுதியிருக்க. எனக்காக ஒரு ‘ர்’ போட்டிருக்க பாரு, அதுக்காகத்தாம்மா. டாக்டர்கிட்ட போயிருந்தேன். மாத்திரை குடுத்திருக்கார்.”

அவர் அடுத்து ஒன்று கேட்டார்.

“அந்த ‘ர்’ மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு. எழுதறப்போ கை நடுங்குச்சா?”

தாய்மார்களே! அந்தத் தகரத்தில் அந்த இடத்தில் ஒரு பழைய ஆணித் துளை இருந்தது. தகரம் அங்கே நெளிந்திருந்தது. தூரிகை துளையில் இடறியது, எழுத்துக் கோணியது. அதுதான் உண்மை. என் வாயிலிருந்து வந்ததோ வேறு.

“ஆமாண்ணே” என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, பதினான்கு மாதமாக அதைச் சுமக்கிறேன்.

குடியை விடுவது பலகை படிப்பதுபோல எளிதா? இல்லை. மூன்று முறை அவர் தவறினார். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் இந்தச் சுவருக்கு முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கும் மாணவன் மாதிரி, பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான்காம் முறை தவறவில்லை. பிறகு என்ன செய்தார்? மலைமேல் ஊற்றுக்கண் வரைக்கும் நடந்தார். பழைய குழாயை முழுக்கத் தோண்டி எடுத்தார். புதிய குழாய் இறக்கினார். சாக்கடைப் பக்கமே போகாமல் பாறையைச் சுற்றி வழி கண்டார். மண்வெட்டி பிடித்த கை கொப்புளித்தது, கொப்புளம் காய்த்தது, காய்ப்பு உரிந்தது. புதிய வால்வு வைத்தார். “நான் கெடுத்த தண்ணி, நான்தான் நல்லாக்கணும்” என்பார். கேட்கிறவர்களிடமெல்லாம், “என் தங்கச்சி எனக்காக ஒரு போர்டே எழுதி வெச்சிருக்கா” என்றும் சொல்வார். பெருமையாகச் சொல்வார். நான் பக்கத்தில் இருந்தால் என்னைக் கையைக் காட்டிச் சொல்வார். நான் தரையைப் பார்ப்பேன்.

மூன்று வாரத்துக்கு முன் பரிசோதனை முடிவு வந்தது. நீர் தூய்மை! முழுத் தூய்மை! ஊரே கொண்டாடியது. என்னால் மட்டும் கொண்டாட முடியவில்லை. ஏன்? ஆய்வாளர் ஐயா மறுபடி ஒரு தகரத்தோடு வந்துவிட்டார். பழைய பலகையைக் கழற்ற வேண்டும், பயந்துபோன மக்களுக்குத் தைரியம் சொல்லப் புதிய பலகை வேண்டும். ஒரே வரி, உடனே எழுதுங்கள் என்றார். என்ன வரி?

நீர் குடிக்கலாம்!

ஐயோ, அந்த வரியை நான் எப்படி எழுதுவேன்? எந்தச் சுவரைப் பார்த்து என் அண்ணன் பதினான்கு மாதம் நிமிர்ந்து நின்றாரோ, அதே சுவரில், அதே தங்கையின் கையெழுத்தில், நீர் குடிக்கலாம் என்று எழுதுவதா? இவ்வளவு நாள் பொறுத்தீர், இனி தாராளமாகக் குடியும் என்று நானே அனுமதி கொடுப்பதா?

சரி, சொல்லை மாற்றலாம் என்று பார்த்தேன். நீர் வேண்டாம், தண்ணீர் என்று போடலாமா? பேச்சு வழக்கில் தண்ணி என்றால் எந்தத் தண்ணி? ‘தண்ணி போட்டிருக்கார்’ என்றால் யாராவது குளத்து நீர் என்று நினைக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள், உங்களுக்குத் தெரியாதா என்ன! குடிநீர் என்று ஒரே சொல்லாகப் போட்டுவிடலாமா? எழுதிப் பார்த்தேன். முதல் பாதி குடி, இரண்டாம் பாதி நீர். குடி, நீர்! அது இன்னும் மோசம், கட்டளையே ஆகிவிட்டது! பள்ளித் தமிழாசிரியை அம்மாவிடம் ஓடினேன். “அருந்தத் தக்கதுன்னு போடுங்களேன்” என்றார். அம்மா, அருந்துவது என்றால் நம் ஊரில் செய்தித்தாளில் எதை அருந்துவதாகப் போடுகிறார்கள்? அவரும் யோசித்தார், இருவருமாக ஒரு மாலைப் பொழுது முழுக்கச் சொல்லைத் தேடினோம். இத்தனை வளமான மொழி, தண்ணீரையும் குடியையும் எங்கேயோ ஓரிடத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. எனக்கென்று அவிழ மாட்டேன் என்றது.

“ஏம்மா, மூணு வாரமா ஒரு வரி எழுத முடியலையா? ஊர் முழுக்க எழுதறீங்களே!” என்று ஐயா கோபித்தார். அந்தக் கோபம் நியாயம். காரணம் சொல்லாத நான்தான் குற்றவாளி. ஐயா, இப்போதாவது முறைப்பதை நிறுத்துவீர்களா?

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பிழை சொல்லில் இல்லை. அன்று கடைவாசலில் நான் சொன்ன ஆமாவில் இருக்கிறது. ஒரு மனிதர் தன் உயிரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற கயிற்றின் மறுமுனையில் யாருமே இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அது அன்பா? உண்மையைச் சொல்ல நான்கு முறை அவர் வீட்டுக்குப் போனேன். நான்கு முறையும் வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன். அவர் குடித்த கதை ஊருக்குத் தெரியும், என் பொய் மட்டும்தான் ஊருக்குத் தெரியாது. அவர் தன்னுடையதை மறைக்காதே என்று சொன்ன பிறகு, நான் என்னுடையதை மறைப்பேனா? சொன்னால் இவர் மறுபடி விழுந்துவிடுவாரோ என்று பயப்படுகிறேன். சொல்லாமல் அந்த வால்வை அவர் கையால் திறக்கவும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அண்ணே. இங்க பாருங்க. அந்த போர்டு உங்களுக்கு எழுதினது இல்ல. தண்ணிக்கு எழுதினது. தகரம் சின்னது, அதனால சுருக்கி எழுதினேன். உங்களப் பத்தி நான் அன்னிக்கு நெனக்கவே இல்ல. அந்த ‘ர்’ கோணினது என் கை நடுங்கி இல்ல, தகரத்துல ஆணி ஓட்டை இருந்துச்சு. நீங்க கேட்டப்போ நான் பொய் சொல்லிட்டேன்.

கொஞ்சம் பொறுங்கள். யாரும் பேச வேண்டாம். குழந்தை அழுதால் அழட்டும், பெரியவர்கள் பொறுங்கள்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி, ஒலிபெருக்கியை அங்கே கொண்டு போக வேண்டாம். அவர் சொல்வது எனக்குக் கேட்கிறது, நான் சொல்கிறேன். ‘அப்போ அந்த ர் எனக்கு இல்லையா?’ என்று கேட்கிறார்.

இல்லண்ணே. அது தண்ணியோட ‘ர்’.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அன்னிக்கு உங்கள ‘நீ’ன்னு சொன்னேனே, அது தப்பு. அதை ஒரு தகரம் வந்து திருத்தியிருக்கக் கூடாது, நான் வந்து திருத்தியிருக்கணும். அண்ணி போன வீட்டுல நீங்க ஒத்தையா உக்காந்திருந்தீங்க. நான் ஒன்பது மாசம் அந்த வாசலத் தாண்டி முகத்தத் திருப்பிக்கிட்டுப் போனேன். நீங்க மீண்டு வந்தது நீங்களா வந்தது அண்ணே. அதுல எனக்குப் பங்கே இல்ல. இவ்வளவு பேர் முன்னாடி சொல்றேன், என்னை மன்னிச்சிருங்க.

அழவில்லை தாயே, நான் அழவில்லை. வண்ணம் கழுவிய டர்ப்பன்டைன் கையால் கண்ணைத் தொட்டுவிட்டேன்.

என்ன? என்ன சொல்கிறார்? சிரிக்கிறாரா? ஐயா, கொஞ்சம் விலகுங்கள், முகம் தெரியட்டும். சிரிக்கிறார்! ‘பதினாலு மாசமா தண்ணிக்கு வந்த மரியாதைய வெச்சுத்தான் பொழச்சிருக்கேனா நான்?’ என்கிறார்!

நீங்களும் சிரிக்கிறீர்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. அண்ணே, அந்த போர்டு இறங்கப் போகுது. நாளைக்குக் காலைல சுவத்துல ஒண்ணும் இருக்காது. என்ன செய்வீங்க?

‘பாலத்து ஊர்ல கசிவாம், ஏழு மணி பஸ்ஸுக்குப் போகணும்’ என்கிறார். கேட்டீர்களா? நான் மூன்று வாரம் சோறு இறங்காமல் தவித்த கேள்விக்குப் பேருந்து நேரத்தைப் பதிலாகச் சொல்கிறார் என் அண்ணன்! நாளைக்கு ஏழு மணிப் பேருந்து. அதற்கு அடுத்த நாளை எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் இனி அவர் வாசலைத் தாண்டும்போது நான் முகத்தைத் திருப்ப மாட்டேன். கதவைத் தட்டுவேன். தினமும் தட்டுவேன், சலித்துப் போகிற அளவுக்குத் தட்டுவேன்.

அங்கே ஓர் அம்மா என்னவோ கேட்கிறார். குடத்தோடு நிற்கிற அம்மா, சொல்லுங்கள். ‘எல்லாம் சரி, போர்டும் எழுதல, டெஸ்ட் பண்ணின சீட்டும் ஒட்டல, இந்தத் தண்ணிய நம்பி எம்பிள்ளைக்கு எப்படிக் குடுக்கறது?’ நியாயமான கேள்வி. கெட்ட நீரால் பிள்ளையைத் தோளில் போட்டு ஓடியவர்களில் நீங்களும் ஒருவர். ஆய்வாளர் ஐயாவின் முத்திரை உங்களுக்குப் போதாது. என் எழுத்தும் போதாது, அது எந்த லட்சணம் என்று இப்போதுதான் பார்த்தீர்கள்.

அண்ணே, எங்க போறீங்க? வால்வுக்கா?

திருகுகிறார். பாருங்கள், முன்னால் நிற்பவர்கள் உட்காருங்கள், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியட்டும். இருமுகிறது குழாய்... காற்று போகிறது... பயப்படாதீர்கள், முதலில் செம்மண் நிறமாகத்தான் வரும்... வந்துவிட்டது! தெளிந்துவிட்டது! கேட்கிறதா அந்தச் சத்தம்? பேச்சை நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருக்கலாம்போல இருக்கிறது.

கையை ஏந்துகிறார். முதல் கை நீரைத் தானே குடித்துக் காட்டப் போகிறார்!

பெரியோர்களே! இந்த ஊர் ஒரு காலத்தில் குடிகாரர் என்று பெயர் வைத்த மனிதர், பட்டப்பகலில், நடுத்தெருவில், நகர்மன்றத் தலைவர் முன்னிலையில், கூடப் பிறந்தவளின் கண் எதிரே குடிக்கப் போகிறார்! பெற்றோர்களே, பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். தோளில் தூக்கிக் காட்டுங்கள். நன்றாகப் பார்க்கட்டும்! இதைவிட நல்ல சான்றிதழை எந்த ஆய்வுக்கூடம் தரும்? இதைவிட நல்ல பலகையை எந்தக் கை எழுதும்?

என்னண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க? கையில இருக்கறது ஒழுகுது பாருங்க. எதுக்கு என்னையே பாக்குறீங்க?

நான் சொல்லணுமா?

சரி. இது தகரத்துக்கு இல்ல. ஊருக்கும் இல்ல. உங்களுக்குச் சொல்றேன், முழு மனசோட, ‘ர்’ போட்டுச் சொல்றேன்.

நீர் குடியும், அண்ணே.

தலைவர் அம்மையார் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே! வெயிலில் நின்று இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்தீர்கள், உங்களுக்கு நன்றி. வரிசையில் வாருங்கள், தள்ளாதீர்கள். அண்ணனுக்கு அடுத்த இடம் மட்டும் எனக்கு, யாரும் நின்றுவிடாதீர்கள், இதோ இறங்கி வருகிறேன். வணக்கம்.